வெள்ளைச் சங்குப்பூ போகும் இடம்

பெங்களூர்
9.6.2025

சங்கரிக்கு,

நலம் விசாரிப்பையெல்லாம் மாமாவிடம் போனில் முடித்துவிட்டேன். நேராக விஷயம். உன் பத்தாம் வகுப்புக்குக் கேட்ட புரோகிராமை இணைத்திருக்கிறேன். திரையில் சங்குப்பூச் செடிகள் வரும். இரண்டைத் தேர்ந்தெடுத்துச் சேர்த்தால் அடுத்த தலைமுறை முளைக்கும். நீலத்துக்கும் நீலத்துக்கும் வெள்ளை பிறந்தால் பிழை என்று எனக்குப் போன் போடாதே. இரண்டு நீலமும் உள்ளே வெள்ளை ஜீனை ஒளித்து வைத்திருந்தால் நாலில் ஒன்று அப்படித்தான். ‘சடுதி மாற்றம்’ என்று ஒரு பொத்தான் இருக்கிறது, அழுத்தினால் பெற்றோரிடம் இல்லாத ஜீன் திடீரென்று வரும். பிள்ளைகளைத் தொடவிடாதே, குட்டிச்சுவர் ஆக்கிவிடுவார்கள்.

நம் கல்யாணத்துக்கு ஆவணியில் நாள் குறித்தாயிற்று என்றார் மாமா. சரி.

நாயகம்

களக்காடு
21.6.2025

அன்புள்ள அத்தானுக்கு,

போனில் என்றால் “சரி, அப்புறம்?” என்று வைத்துவிடுவீர்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

வகுப்பில் ஒரே கொண்டாட்டம். ஜன்னத்துல் பிர்தௌஸ் என்று ஒருத்தி, “டீச்சர், வெள்ளை வந்த ஒடனே காணாமப் போவுதே, அது எங்க போவுது?” என்றாள். எழுதினவரையே கேட்டுச் சொல்கிறேன் என்றேன். ஏன் அத்தான் போகிறது?

தீத்தாரப்பன் அண்ணன் பிளெக்ஸ் கடையிலிருந்து வந்ததும் இந்தப் புரோகிராம் முன்னால் உட்கார்ந்துவிடுகிறான். காது கேட்காதவனுக்கு எப்படி விளக்குவது என்று நான் கவலைப்பட்டது வீண். வெள்ளை ஒன்று வந்ததும் அதைக் காட்டி, தன் நெஞ்சையும் தொட்டுக் காட்டிச் சிரித்தான்.

பின்னால் நின்ற அம்மா, “ஏட்டி, இவன் இப்படிப் பொறந்தது எதனாலன்னு அதுல தெரியுமா?” என்றாள். கிரகணத்தன்று அவள் வெளியே வந்ததால்தான் என்று ஊரே சொல்லி வைத்திருக்கிறது. சடுதி மாற்றம், யார்மேலும் குற்றமில்லை என்று ஒரு வரி எழுதுங்கள். அவள் மனசாறச் சாப்பிடட்டும்.

சங்கரி

பெங்களூர்
25.6.2025

சங்கரி,

பொய் எழுத வராது. இது சடுதி மாற்றமாக இருக்க வாய்ப்பில்லை. மாமா சொந்த அக்கா மகளைக் கட்டியவர். ஒரே குடும்பத்து ஜீன் இரண்டு பக்கமும் வந்து சேர்ந்திருக்கிறது. அத்தையிடமிருந்து பாதி, மாமாவிடமிருந்து பாதி. கிரகணமாவது மண்ணாங்கட்டியாவது.

என் அம்மா மாமாவின் தங்கை. அதனால் நம் இருவரையும் அதே புரோகிராமில் போட்டு ஓட்டினேன். நம் குழந்தைக்குக் காது கேட்காமல் போக இருபத்து நாலில் ஒரு வாய்ப்பு. கல்யாணத்தை நிறுத்தச் சொல்லவில்லை. முதலில் தீத்தாரப்பன் அத்தானின் ரத்தத்தில் எந்த ஜீன் என்று கண்டுபிடிக்க வேண்டும், பிறகு நமக்குப் பார்க்கலாம். இருவருக்கும் இருந்தாலும் வழி உண்டு. கருவிலேயே தெரிந்துவிடும். கலைத்துவிட்டு அடுத்ததைப் பார்க்கலாம்.

அந்தப் பெண்ணிடம் சொல்: வெள்ளையைப் புரோகிராமே பிடுங்கிவிடுகிறது. வளர்ப்பவனுக்கு வேண்டாத நிறம்.

நாயகம்

களக்காடு
6.7.2025

அத்தானுக்கு,

உங்கள் கடிதத்தின் முதல் பாதியை அம்மாவுக்கு வாசித்தேன். “உங்க அப்பாகிட்ட இருந்தும் பாதின்னா போட்டிருக்கு? திரும்ப வாசிளா” என்றாள். திரும்ப வாசித்தேன். அப்பா பேப்பரை மடித்து வைத்துவிட்டு, “ஆமா, எங்கிட்ட இருந்துந்தான்” என்றார். இத்தனை வருஷத்தில் அவர் வாயிலிருந்து அப்படி ஒன்று வந்ததில்லை. அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். அதற்கு உங்களுக்கு நான் கடமைப்பட்டவள்.

ரத்தம் வேண்டும் என்று சைகையில் சொன்னதும் அண்ணன் மறுநாளே திருநெல்வேலி போய்க் கொடுத்துவிட்டு வந்தான். தங்கச்சி கல்யாணமாயிற்றே. வந்த பிறகுதான் மிச்சக் கடிதத்தைத் தானே வாசித்தான். கடை ரசீதின் பின்னால் எழுதி நீட்டினான்: “என்னயும் அப்பமே பாத்திருந்தா?”

நான் அடுப்படிக்குள் போய்விட்டேன்.

இருபத்து நாலில் ஒன்று எனக்குப் பயமில்லை அத்தான். அந்த ஒன்று இந்த வீட்டில் எப்படி வளர்ந்தது என்று பார்த்தவள் நான். உங்கள் வீட்டில் அதற்கு என்ன ஆகும் என்பதை நீங்களே எழுதிவிட்டீர்கள். நிச்சயத்துக்குப் போட்ட சங்கிலியையும் பட்டையும் அப்பா உங்கள் அம்மாவிடம் கொடுத்துவிடுவார். கோபம் ஒன்றுமில்லை. வேளைக்குச் சாப்பிடுங்கள்.

சங்கரி

பெங்களூர்
19.8.2025

சங்கரி,

நான் அனுப்பிய இரண்டு கடிதங்களுக்கும் பதில் இல்லை. இது மூன்றாவது.

என் ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. அத்தானுக்கு இருக்கும் ஜீன் என்னிடம் இல்லை. நமக்கு எத்தனை பிறந்தாலும் அது வராது.

இதைச் சொன்னால் நீ மனம் மாறுவாய் என்றுதான் எழுத உட்கார்ந்தேன். எழுதிவிட்டுப் படித்தால், நீ கேட்டதற்கு இது பதிலே இல்லை. வராது என்கிறேன். வந்தால் என்ன செய்வேன் என்பதல்லவா நீ கேட்டது. நான் எழுதியதில் தப்பில்லை என்றுதான் இன்றைக்கும் என் புத்தி சொல்கிறது. ஆனால் அத்தான் முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல என்னால் ஆகாது. இது இரண்டையும் வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியவில்லை.

அவர் ரத்தம் கொடுத்திராவிட்டால் என்னிடம் எதைத் தேடுவதென்றே பரிசோதனைக் கூடத்துக்குத் தெரிந்திருக்காது. அவருக்கு நன்றி சொல்ல வேண்டும். நீ சைகையில் ஒன்றும் சொல்லிவிடாதே, நானே எழுதுகிறேன். ‘அத்தானுக்கு’ என்று எழுதிவிட்டேன். அதற்கு மேல் வரவில்லை.

நாயகம்