சந்தனம் மூடிய எண்

நவம்பர் 8, சனிக்கிழமை

இன்று கார்லோஸிடம் கத்தியிருக்க வேண்டாம். ஹூஸ்டனில் பழைய அமெரிக்கக் கார்களின் பாகங்களை விற்பவர் அவர். அவரிடம் வாங்கிய, இன்ஜின் மூடிக்கு அடியில் வைக்கும் ஹெட் கேஸ்கெட் தகட்டை, கராஜில் பிரித்துப் போட்டிருக்கும் என் பழைய கார் இன்ஜின் மேல் வைத்துப் பார்த்தேன். துளைகள் ஒத்துவரவில்லை. உடனே ஃபோன் போட்டு, தப்பான பாகத்தை என் தலையில் கட்டிவிட்டார் என்று சத்தம் போட்டேன். இன்ஜினில் பொறித்திருக்கும் எண்ணை இன்னொரு தடவை பார்க்கச் சொன்னார்.

பார்த்தேன். கடைசி இலக்கம் மூன்றுதான்.

காபி கொண்டுவந்த உமா குனிந்து பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"ஏங்க, அது ஆயுத பூஜைக்கு நான் வச்ச சந்தனம்!"

ஈரத்துணியால் துடைத்தாள். மூன்று எட்டானது. எட்டு என்றால் பெரிய இன்ஜின்! இத்தனை நாளும் சின்னது என்றே நினைத்திருந்தேன். அந்தச் சந்தோஷத்திலேயே கார்லோஸைக் கூப்பிட்டு சாரி சொல்லிவிட்டேன். பூஜை, சந்தனம் எல்லாவற்றையும் விளக்குவதற்குள் வியர்த்துவிட்டது. அவர் கோபப்படவில்லை. கேஸ்கெட்டை மாற்ற வரும்போது அந்தச் சந்தனத்தில் கொஞ்சம் கொண்டுவர முடியுமா, தன் ட்ரக் ஒரு வாரமாக ஸ்டார்ட் ஆகவில்லை என்றார்.

உமா ஒரு டப்பாவில் போட்டு, கார் சாவி பக்கத்திலேயே வைத்துவிட்டாள். எண் மேல் மட்டும் வைக்க வேண்டாம் என்று அவரிடம் மறக்காமல் சொல்ல வேண்டும்.