மூன்றாவது சுருள்

இன்று ராஜபாளையத்தில் அந்த பேண்டேஜ் கம்பெனியின் வரவேற்பறையில் உட்கார்ந்திருந்தேன். வெளுக்கும் கூடத்திலிருந்து குளோரின் வாடை வந்து மூக்கில் ஏறியது. உடனே உன் நினைவுதான். மூக்கைப் பொத்துகிற என்னைப் பார்த்து, "ஏட்டி, சோறு போடுத வாடை, பொத்தாத" என்பாய். நீ கண்ணை மூடி மூன்று வருடமாகிறது. நான் இன்னும் பொத்திக்கொண்டுதான் இருக்கிறேன்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா கடை மாடியில் ஒற்றை அறை பிடித்து, கம்பெனிகளுக்கு ஆள் தேடிக் கொடுக்கும் ஆபீஸ் போட்டோம் சிநேகிதிகள் நாம் இருவரும். "ஊர் முழுக்க ஆள் இருக்கையில உங்க தயவு எதுக்கு?" என்று கேட்காதவர் இல்லை. பயோடேட்டா படிக்க அவர்களுக்கு நேரமில்லை என்று நான் எதையாவது சொல்லி மழுப்புவேன். உனக்குத்தான் உண்மையான பதில் தெரிந்திருந்தது.

இதே கம்பெனி, தரம் பார்க்க ஒரு சூப்பர்வைசர் கேட்டது. நம் கையிலிருந்த ஒரே பெரிய கம்பெனி; அது போனால் அறையைக் காலி செய்ய வேண்டியதுதான். அந்த வேலைக்கு முதலாளியின் தங்கை மாப்பிள்ளையும் வந்திருந்தார். வழக்கம்போல் நீ மேசையில் மூன்று பேண்டேஜ் சுருளும், உன் வீட்டுக் கண்ணாடி டம்ளரில் தண்ணீரும் வைத்தாய். ஒழுங்காக வெளுத்த துணியில் ஒரு துண்டு வெட்டிப் போட்டால் உடனே மூழ்கும். நெய்யும்போது போட்ட கஞ்சி போகாதது மிதக்கும், காயத்துக்கு ஆகாது. வேலை தெரிந்தவர் யாரும் சொல்லாமலே போட்டுப் பார்ப்பார். மாப்பிள்ளை மூன்றையும் தடவிப் பார்த்து "பிரமாதம்" என்றார். தண்ணீரை எடுத்துக் குடித்துவிட்டார்.

மூன்றையும் தண்ணீரில் போட்டுப் பார்த்த தேவதானத்துப் பெண் ஒருத்தியின் பெயரை மட்டும் நீ எழுதி நீட்டினாய். முதலாளி முகம் கறுத்தது. நீ அசையவில்லை.

"மொதலாளி, இவர வேண்டாம்னு சொல்ல உங்க ஆபீஸ்ல யாருக்கு வாய் வரும்? நாளைக்கு உங்க முகத்துல முழிக்கணும்லா. அதச் சொல்லத்தான வெளிய இருந்து எங்களக் கூப்ட்டீக?"

அவர் அந்தப் பெயரை இன்னொரு முறை படித்தார். பிறகு, "அந்தப் பிள்ளைய வரச் சொல்லுங்க" என்றார். திரும்பும் பஸ்ஸில் உன் பக்கத்தில் உட்கார எனக்கு அவ்வளவு பெருமையாக இருந்தது. அன்று சொல்லவில்லை, இப்போது சொல்கிறேன்.

அந்தப் பெண் இப்போது அங்கே மேனேஜர். அவள் பார்த்த வேலைக்குத்தான் இன்று ஆள் எடுத்தோம். வந்தவர்களில் உன் மகளும் இருந்தாள். அவளுக்கு இதைக்கூடச் செய்யாவிட்டால் நான் என்ன சிநேகிதி என்று மனசு அடித்துக்கொண்டது. மூன்று சுருள்களையும் உன் டம்ளரில் தண்ணீரையும் வைத்தேன். இரண்டில் துண்டு வெட்டித் தண்ணீரில் போட்டாள், மூழ்கின. மூன்றாவதைத் தொடவில்லை.

"மூணும் ஒரே கட்டுல வந்ததுதான, சித்தி."

எல்லோரும் போனபின், அவள் பெயரை எழுதவில்லை என்று நானே அவளிடம் சொன்னேன். அழுதுவிடுவாளோ என்று பயம். அவள் மூன்றாவது சுருளிலிருந்து ஒரு துண்டு வெட்டி டம்ளரில் போட்டாள். அது மிதந்தது. பார்த்துக்கொண்டே நின்றாள்.

"எம் பேர எழுதியிருந்தீகன்னா, அம்மா உங்களச் சும்மா விட்டிருக்க மாட்டாவ" என்றாள்.

பிறகு உன் டம்ளரை அவளே கழுவித் துடைத்து என் பையில் வைத்தாள்.