சத்தியம் செய்த வீட்டில் ஒரு பிள்ளை

அனுப்புநர்:
வாரிஜா,
கணவர் பெயர்: காலஞ்சென்ற பாபு,
தையல் கடை, பால் சங்கத்துக்கு எதிரில்,
பெர்னமஜலு கிராமம்.

பெறுநர்:
தலைவர் அவர்கள்,
மாவட்டக் குழந்தைகள் நலக் குழு.

பொருள்: ஒன்பது வயதுச் சிறுமி சான்வி தன் தாய்மாமன் வீட்டில் சூடு வைத்துத் துன்புறுத்தப்படுவது – முதல் புகார் ‘சமரசம்’ என முடிக்கப்பட்டது – சிறுமியை உடனே மீட்கக் கோருவது தொடர்பாக.

பெருமதிப்பிற்குரிய ஐயா,

1. நான் இவ்வூரில் தையல் கடை வைத்துப் பிழைப்பவள். அரசுப் பள்ளிப் பிள்ளைகளின் சீருடையை நான்தான் தைக்கிறேன். எனக்கு வாய் நீளம் என்று ஊரில் சொல்வார்கள். அது உண்மை. தாங்கள் விசாரித்தால் முதலில் அதைத்தான் சொல்வார்கள் என்பதால் நானே முந்திக்கொண்டு தெரிவிக்கிறேன்.

2. சான்வியின் தாய் பிரமிளா குவைத்தில் வீட்டு வேலை செய்கிறாள். தகப்பன் விட்டுவிட்டுப் போனவன். எங்கள் பக்கம் குடும்பம் தாய்வழி என்பதும், பிள்ளைக்கு அப்பனைவிடத் தாய்மாமனே பெரியவன் என்பதும் தாங்கள் அறிந்ததே. அந்த முறைப்படி பிள்ளை பிரமிளாவின் அண்ணன் சேசப்பாவிடம் விடப்பட்டது. சேசப்பா எங்கள் ஊர்த் தெய்வத்தின் நகைகளையும் வாளையும் பாதுகாக்கும் பொறுப்பில் உள்ளவர். அவர் நடந்து வந்தால் பால் சங்கத்து வாசலில் உட்கார்ந்திருப்பவர்கள் எழுந்து நிற்பார்கள்.

3. கடந்த மே மாதம் சீருடைக்கு அளவெடுக்கப் பிள்ளை என் கடைக்கு வந்தது. இடுப்பில் டேப்பைச் சுற்றியதும் துள்ளி விலகியது. பாவாடையை விலக்கிப் பார்த்தேன். இரண்டு தொடையிலும் சூட்டுக் காயங்கள். சில ஆறியவை, சில ஆறாதவை. ஆறியதன் மேலேயே மறுபடி வைத்ததும் இருந்தது. கேட்டதற்குப் பிள்ளை சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: “பாயில ஒண்ணுக்குப் போயிட்டேன் அத்தை. இனிமே போக மாட்டேன். யார்கிட்டயும் சொல்லிடாதீங்க, நான் தண்ணி குடிக்கறதயே நிறுத்திட்டேன்.”

ஐயா, அது மே மாதம். எங்கள் ஊர் மே மாத வெயிலில் மாடுகூட நிழலை விட்டு நகராது.

4. அன்றே சேசப்பாவின் மனைவி யமுனாவிடம் போய்க் கேட்டேன். அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள், கையை நிறுத்தவில்லை. “பாயைத் துவைக்கறது நானா நீங்களா வாரிஜக்கா? சூடு கண்ட பூனை அடுப்பங்கரைக்குப் போகாதும்பாங்க. இதுக்குத்தான் இன்னும் புத்தி வரல” என்றாள். ‘இது’ என்று அவள் சொன்னது பிள்ளையை.

5. குழந்தைகள் உதவி எண்ணுக்குத் தெரிவித்தேன். பாதுகாப்பு அலுவலகத்திலிருந்து ஓர் இளைஞரும் ஒரு காவலரும் வந்தார்கள். மரியாதையானவர்கள்தான், குறை சொல்வதற்கில்லை. ஆனால் அந்த இளம் அலுவலர் பிள்ளையை விசாரித்தது சேசப்பாவின் கூடத்தில், சேசப்பாவைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு. “மாமா அடிப்பாரா பாப்பா?” என்று கேட்டார். பாப்பா மாமாவின் முகத்தைப் பார்த்துவிட்டு இல்லையென்று தலையாட்டியது. காயம் எப்படி வந்தது என்றதற்கு, வெந்நீர் அண்டாவில் சாய்ந்துவிட்டதாக யமுனா பதில் சொன்னாள். வெந்நீர் இப்படிக் கோடு கோடாகச் சுடுமா என்று நான் கேட்டேன். என்னை வெளியே நிற்கச் சொன்னார்கள்.

அப்போது பால் சங்கத் தலைவர் கொரகப்பா அவர்கள் வந்து, “வீட்டு விஷயம் சார், கோர்ட்டு வரைக்கும் எதுக்கு? நாளன்னிக்கு நம்ம தெய்வத்துக்கு நேமத் திருவிழா. எல்லார் முன்னாடியும் வாளைத் தொட்டுச் சொல்லட்டும். பொய் சொன்னா அவன் வம்சம் தங்காது. உங்க சட்டத்தால அவ்வளவு முடியுமா?” என்றார். அந்த இளைஞரும் எங்கள் பக்கத்துக்காரர். தெய்வத்தின் வாளைத் தொட்டு எவனும் பொய் சொல்லத் துணிய மாட்டான் என்று நம்பித் தலையாட்டினார். அந்த நிமிடம் நானும் அதைத்தான் நம்பினேன். இந்த ஊரில் பிறந்த எவருக்கும் வேறுவிதமாக நினைக்க வராது.

6. நேமத்தன்று மதியம் ஊரே கூடியிருந்தது. அலுவலருக்கு நாற்காலி போட்டு இளநீர் கொடுத்தார்கள். சேசப்பா குளித்து, ஈர வேட்டியோடு வாளைத் தொட்டு, “என் தங்கச்சி பொண்ணு மேல நான் சூடு வெச்சதில்ல. வெச்சிருந்தா தெய்வம் என்னைப் பாத்துக்கட்டும்” என்றார். குரலில் நடுக்கம் இல்லை. தினமும் துடைத்து வைக்கும் வாளிடம் அவருக்கு என்ன பயம்?

அத்தோடு விட்டிருக்கலாம். “பிள்ளையும் தொட்டுச் சொல்லட்டும்” என்று யாரோ குரல் கொடுத்தார்கள். இரண்டு பெண்கள் சான்வியைக் கையைப் பிடித்து இழுத்து வந்து நிறுத்தினார்கள். மேளம் நின்றது. அத்தனை கண்களுக்கும் நடுவில், நின்ற நிலையிலேயே, பிள்ளைக்குச் சிறுநீர் பிரிந்துவிட்டது.

தெய்வத்தின் முற்றத்தில் தீட்டு. “பாத்தீங்களா, தெய்வமே காட்டிக் குடுத்திடுச்சு. பொய்க்காரிக்கு உடம்பு நிக்கல” என்று ஒரு கிழவர் சொன்னார். சிலர் சிரித்தார்கள். சேசப்பா சாணித் தண்ணீரையும் துடைப்பத்தையும் பிள்ளையின் கையில் கொடுத்தார். அது நனைந்த பாவாடையோடு குனிந்து முற்றத்தைக் கழுவியது. பள்ளிப் பிள்ளைகள் பின்னாலேயே நின்று, “இன்னும் அங்க இருக்கு, இங்க இருக்கு” என்று கை காட்டினார்கள். அலுவலர் இளநீரைக் கீழே வைத்துவிட்டு, ‘குடும்பத்தாரிடையே சமரசம், சிறுமி பாதுகாவலரிடமே ஒப்படைக்கப்பட்டாள்’ என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார்.

7. அன்றிலிருந்து இந்த ஊரில் பிள்ளைக்கு வாய் இல்லை. அது சொல்வதை நம்பினால் தெய்வத்தைப் பொய்யாக்கியதாக ஆகிவிடும். பள்ளி ஆசிரியை என்னிடம், “எனக்கும் தெரியும் வாரிஜா, காலைப் பாத்திருக்கேன். ஆனா சத்தியம் ஆயிடுச்சே, இனிமே நான் என்ன பேச?” என்றார். குவைத்திலிருந்து பிரமிளா போன் செய்தாள். நன்றி சொல்லத்தான் கூப்பிடுகிறாள் என்று நினைத்து எடுத்தேன். “அண்ணன் தெய்வத்து மேல கை வெச்சுச் சொல்லிட்டார். நீங்க ஏன் என் பொண்ணு மானத்தைச் சந்தியில வெக்கறீங்க? நாளைக்கு அவளை யார் கட்டுவான்?” என்று அழுதாள். ஒன்பது வயதுப் பிள்ளைக்கு மாப்பிள்ளை தேடும் கவலை. எனக்கு வந்த ஆத்திரத்தில் போனை வைத்துவிட்டேன்.

8. ஜூன் மாதம் பள்ளி திறந்தது. சான்வி வரவில்லை. சேசப்பா கடைக்கு வந்து, “சீருடை வேண்டாம் வாரிஜக்கா, அவளை மலைப்பக்கம் சித்தி வீட்டுக்கு அனுப்பியாச்சு” என்றார். நான் சரி என்றேன்.

என் கொல்லைச் சுவருக்கு அந்தப் பக்கம்தான் அவர்கள் வீடு. பின்புறத் தகரக் கூரைக்குக் கீழே துணி உலர்த்த ஒரு கொடி கட்டியிருக்கிறார்கள். மழை தொடங்கியதிலிருந்து தினமும் காலையில் அந்தக் கொடியில் ஒரு சின்னப் போர்வை ஈரமாகத் தொங்கியது. அந்த வீட்டில் வேறு குழந்தை கிடையாது. ஒவ்வொரு காலையும் அந்தப் போர்வையைப் பார்த்ததும் எனக்கு வயிறு எரியும், கூடவே உயிரும் வரும். இன்றும் நனைத்திருக்கிறது என்றால் இன்றும் இருக்கிறது என்றுதானே பொருள்.

நேற்றும் இன்றும் கொடியில் போர்வை இல்லை.

9. ஆகவே தாங்கள் கீழ்க்கண்டவாறு நடவடிக்கை எடுக்குமாறு பணிந்து கேட்டுக்கொள்கிறேன். வருவதற்கு முன் ஊரில் யாருக்கும் போன் செய்ய வேண்டாம். போன் வந்தால் தங்களுக்குக் காபி தயாராக இருக்கும், பிள்ளை இருக்காது. ஒரு பெண் டாக்டரை அழைத்து வரவும். வீட்டின் பின்னால் பாக்கு மட்டை அடுக்கும் கொட்டகை ஒன்று உள்ளது. கூடத்தில் உட்காராமல் நேராக அங்கே போகவும். பிள்ளை கிடைத்தால் முதலில் தண்ணீர் கொடுக்கவும். கேள்வியெல்லாம் பிறகு, அதுவும் தனியாகக் கேட்கவும்.

10. நான் மறுபடி புகார் எழுதப்போகிறேன் என்று ஊருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. வரும் ஞாயிற்றுக்கிழமை நான் தெய்வத்தின் முன் வாளைத் தொட்டுச் சத்தியம் செய்ய வேண்டும், இல்லையேல் சேசப்பாவின் காலில் விழ வேண்டும் என்று கொரகப்பா அவர்கள் ஆள் அனுப்பியிருக்கிறார். இரண்டையும் செய்ய மாட்டேன். எனக்குத் தெய்வ நம்பிக்கை உண்டு. அரசன் அன்று கொல்வான், தெய்வம் நின்று கொல்லும் என்பார்கள். தெய்வம் நின்று நிதானமாகக் கேட்கட்டும். பிள்ளைக்கு அவ்வளவு நாள் தாங்காது என்பதால்தான் தங்களுக்கு எழுதுகிறேன்.

சத்தியம் செய்ததால் ஒருவரை நம்பினீர்கள். என்னை நம்ப வேண்டாம் ஐயா. நான் பொய்க்காரியாகவே இருந்துவிட்டுப் போகிறேன். வந்து கொட்டகைக் கதவைத் திறந்து பாருங்கள்.

இப்படிக்கு,
தங்கள் வண்டியை எதிர்பார்த்துச் சாலையில் நிற்கும்,
வாரிஜா

இடம்: பெர்னமஜலு
நாள்: 21.06.2023