மூன்று வக்கீல்களைப் பார்த்துவிட்டு வந்தேன்

அன்பு மகனுக்கு,

அப்பா எழுதுகிறேன். நலம் என்றுதான் தொடங்க வேண்டும், ஆகவே நானும் அம்மாவும் நலம், நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொண்டு இருப்பாய் என்று நம்புகிறோம். அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, என் மேல் உள்ள கோபம்தான் குறையவில்லை. வக்கீல் வக்கீலா அலையறதுக்கு, ஒரு தடவை நேர்ல வந்து பொண்டாட்டிகிட்ட பேசுடான்னு அவனுக்குச் சொல்ல வாய் வரலையா என்று காபி டம்ளரை வைக்கும்போதெல்லாம் கேட்கிறாள். கண்ணாடிக் கடை வழக்கம்போல் ஓடுகிறது, ஊரில் யாருக்கும் கிட்டப் பார்வையும் சரியில்லை தூரப் பார்வையும் சரியில்லை, அந்த மட்டில் நமக்குப் பிழைப்பு. போனில் சொல்லத் தொடங்கினால் நீ பாதியிலேயே மீட்டிங் என்று வைத்துவிடுகிறாய், கடிதம் என்றால் முழுக்கப் படித்துத்தானே ஆக வேண்டும், அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

விவாகரத்துக்கும், பொடிசு இனி உன்னிடம்தான் வளர வேண்டும் என்று கேட்பதற்கும் நீ தேடிப் பிடித்துச் சொன்ன மூன்று குடும்ப வக்கீல்களையும் பார்த்தாகிவிட்டது. குடும்பக் கேஸ்களுக்கு வருவதற்கு முன் அவர்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்பது முக்கியம், அனுபவம் அதில்தான் தெரியும் என்று சொன்னாயே, சரியாகத்தான் சொன்னாய், ஆனால் எனக்குத் தெரிந்தது வேறு. முதல் ஆள் நெடுங்காலம் கொலை, கொள்ளைக் கேஸ்கள் நடத்திவிட்டு இந்தப் பக்கம் வந்தவர். நான் உட்காருவதற்குள் மருமகளிடம் என்ன குறை என்று கேட்டார். அப்படி ஒன்றும் இல்லையே என்றேன். நல்லா யோசிச்சுப் பாருங்க, குறை இல்லாத மனுஷங்களே கிடையாது, கிடைக்கலைன்னா கிடைக்க வைக்கலாம் என்றார். என்னவோ நானே திருடிவிட்டு வந்தவன் மாதிரி எழுந்து வந்தேன். அடுத்தவர் முன்பு வரிக்கணக்கு ஆடிட்டர். வீடு யார் பேரில், கடை யார் பேரில் என்பதிலேயே நேரம் போய்விட்டது, பொடிசை 'அந்த மைனர்' என்றே சொல்லிக்கொண்டிருந்தார். வந்து அம்மாவிடம் சொன்னேன், முன்பல் விழுந்த மைனர் என்று சிரித்தாள், சிரித்துக்கொண்டிருக்கும்போதே அழுதுவிட்டாள். கடையில் கண் பார்க்கும்போது ஒரு லென்ஸை எடுத்து இன்னொன்றைப் போட்டு எது தெளிவாக இருக்கிறது என்று கேட்பேனே, அது மாதிரி நம் வீட்டை ஆளுக்கொரு லென்ஸில் பார்க்கிறார்கள், எதில் பார்த்தாலும் எனக்கு நம் வீடாகத் தெரியவில்லை.

மூன்றாவது அம்மாள் குழந்தைகள் வார்டில் நர்ஸாக இருந்துவிட்டு அப்புறம் சட்டம் படித்தவர். குறையும் கேட்கவில்லை, சொத்தும் கேட்கவில்லை. குழந்தைக்கு வீசிங் வந்தால் என்ன செய்வீர்கள், பயந்தால் யாரைக் கூப்பிடும், எந்தச் சாப்பாட்டை ஒளித்துவைக்கும் என்று கேட்டார். நான் விடுவேனா, கேட்டதற்கெல்லாம் மடமடவென்று பதில் சொன்னேன், உனக்காக மார்க் வாங்குகிறேன் என்று நினைப்பு. நிமிர்த்தி உட்காரவைத்து முதுகைத் தடவிக்கொண்டே கதை சொல்ல வேண்டும், அப்போதுதான் மூச்சு சீராகும் என்றேன். யார் தடவுவது என்று கேட்டார். மருமகள் என்றேன். அந்த அம்மாள் பேனாவை மூடிவிட்டுச் சொன்னார், ஐயா, அந்தப் பக்கத்துக்கு வேற சாட்சியே வேண்டாம், உங்களைக் கூப்பிட்டாப் போதும். நீ நேரில் பேசினால் உனக்காக வாதாடுவாராம், ஆனால் குழந்தையைக் கேட்காதே, விடுமுறைக்கு அனுப்பச் சொல்லிக் கேள் என்றுதான் சொல்வாராம். கிளம்பும்போது இன்னொன்றும் சொன்னார், பையனுக்காக நீங்க எங்கிட்ட எல்லாம் பேசிட்டீங்க, இனிமே மருமகள் வந்தா நான் அவங்களுக்கு வாதாட முடியாது, திருப்பி அனுப்பிடணும், அது எங்க தொழில்ல கட்டுப்பாடு என்று. ஏதோ ஆபீஸ் நடைமுறை என்று நானும் தலையாட்டிவிட்டு வந்தேன். உன்னிடம் போனில் சொன்னால், அந்த நர்ஸம்மா வேண்டாம், முதல் ஆளையே போடுங்க என்று வைத்துவிட்டாய்.

அந்தச் சனிக்கிழமை மருமகள் பொடிசைக் கூட்டிக்கொண்டு கடைக்கு வந்தாள், பொடிசின் கண்ணாடியில் காது பக்கக் காம்பு ஆடிக்கொண்டிருந்தது. நான் திருகாணியை முடுக்கிக்கொண்டிருக்கும்போது மெதுவாகச் சொன்னாள், மாமா, நர்ஸா இருந்த ஒரு வக்கீலம்மா இருக்காங்களாம், குழந்தை விஷயம்னா அவங்கதான்னு ஆபீஸ்ல சொல்றாங்க, திங்கக்கிழமை வரச் சொல்லியிருக்காங்க, உங்ககிட்ட கேக்கக்கூடாதுதான், அம்மா அப்பா இருந்தா அவங்களக் கேட்டிருப்பேன், போகட்டுமா மாமா? திருகாணி கையிலிருந்து விழுந்துவிட்டது. மூன்று பேரும் தரையில் தவழ்ந்து தேடினோம், பொடிசுதான் கண்டுபிடித்து எனக்குக் கண்ணாடி இல்லாமலேயே தெரியுதே என்று குதித்தது. அந்தக் கதவை நான் ஏற்கெனவே சாத்திவிட்டேன் என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. போய்ட்டு வாம்மா என்றேன். வேறு என்ன சொல்வது என்று நீயே சொல்.

திங்கட்கிழமை வரவேற்பறையிலேயே அவள் பெயரையும் உன் பெயரையும் கேட்டுவிட்டு அவளைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள், காரணம் சொல்லவில்லை. சாயங்காலம் நேராகக் கடைக்கு வந்து நின்றாள். நீங்க முன்னாடியே போய்ட்டீங்களா மாமா என்று மட்டும் கேட்டாள். தலையாட்டினேன். உங்க பையனுக்கு நீங்கதானே போகணும் என்றாள், பொடிசை எப்பவும்போல சனிக்கிழமை கூட்டிட்டு வரேன் என்றும் சொல்லிவிட்டுப் போனாள். நாலு வார்த்தை திட்டியிருந்தால் எனக்குச் சோறு இறங்கியிருக்கும்.

இப்போது நான் என்ன செய்வது என்று தெரியவில்லையப்பா. நீ என் பிள்ளை, கோர்ட்டுக்கு வா என்றால் வந்து உன் பக்கத்தில்தான் நிற்பேன். ஆனால் அந்தப் பக்கத்து வக்கீல் என்னைக் கூண்டில் ஏற்றி யார் முதுகு தடவுவது என்று கேட்டால் எனக்குத் தெரிந்த ஒரே பதிலைத்தான் சொல்ல வரும், அதை எப்படி மாற்றிச் சொல்வது என்று இந்த வயதில் யார் எனக்குக் கற்றுத்தருவார்கள், அந்த முதல் வக்கீலா? உன்னையும் விட முடியவில்லை, மருமகளையும் பொடிசையும் விட முடியவில்லை, கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

நீ நோய்நொடி இல்லாமல் நன்றாக இரு, வேலையில் மேலே மேலே வா, அம்மாவும் நானும் எந்நேரமும் அதைத்தான் வேண்டிக்கொள்கிறோம். ஒன்றை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள். வக்கீல்கள் முன்பு என்னவாக இருந்தார்கள் என்று நீ விசாரித்தாய், அந்த நர்ஸம்மாவோ நீ இங்கே இருந்தபோது பொடிசுக்கு என்ன செய்வாய் என்று விசாரித்தார். மதியம் பொடிசு தூங்கும்போது நகம் வெட்டிவிடுவான், முழித்திருந்தால் பயந்து கையை இழுத்துக்கொள்ளும் என்றேன். நான் சொன்னதில் உன் பெயருக்கு நேரே அதை ஒன்றைத்தான் எழுதிக்கொண்டார். இப்போது மருமகள் பொடிசு முழித்திருக்கும்போதே, அழ அழப் பிடித்துவைத்து வெட்டுகிறாள். ஒரு தடவை தூக்கத்தில் வெட்டிப் பார்த்தாளாம், பொடிசு எழுந்து விரலைப் பார்த்துவிட்டு, அப்பா வந்துட்டாரா என்று வீடு முழுக்கத் தேடியதாம்.

என்றும் உன்
அப்பா