சொல்தா வீட்டுத் தொப்பி

கார்த்திகை, புதன் இரவு

சொல்ல வெட்கம்தான். பூட்டனின் பழைய பட்டாளத் தொப்பியைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் சல்யூட் அடிப்பது என் வழக்கம். பிரெஞ்சுக்காரன் காலத்தில் அவர் சைகோனில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக, இருந்தாராம். தெருவில் எங்கள் வீட்டுக்கே சொல்தா வீடு என்றுதான் பேர்.

அவர் எந்தச் சண்டைக்குப் போனார் என்று விசாரிக்கச் சொல்லி, பாரிசில் இருக்கும் அண்ணனை வருடக்கணக்காகக் கேட்டு வந்தேன். "தேடிக்கிட்டிருக்கேன்டா" என்பான். இப்போது லீவில் வந்திருக்கிறான். மத்தியானம் நான் வைத்த மீன் குழம்பை ருசித்துவிட்டு அண்ணி சொன்னார்:

"கைப்பக்குவம் எங்க போகும் தம்பி? உங்க பூட்டனாரு பட்டாளத்துக்குச் சமைச்சிப் போட்டவராச்சே."

அண்ணன் தலை நிமிரவில்லை.

"உனக்கு எப்பலேர்ந்து தெரியும்?" என்று அவனைக் கேட்டேன்.

"ரொம்ப நாளாடா. நீ தொப்பியப் போட்டுக்கிட்டு வீடியோ அனுப்புவியே, அதப் பாத்துச் சிரிச்சாதான் புள்ளைங்களுக்குச் சோறு எறங்கும். அதான் சொல்லல."

ஊரையே கேலி செய்கிறவன் நான். பூட்டன் சமைத்தார் என்பதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. நம்பி அனுப்பிய சல்யூட் ஒவ்வொன்றும்தான் இப்போது ஞாபகம் வருகிறது.

எழுதிக்கொண்டிருந்ததில் அடுப்பில் கஞ்சி அடிப்பிடித்துவிட்டது. துணி கிடைக்கவில்லை. தொப்பியால் பிடித்துச் சட்டியை இறக்கினேன்.