ஞானப்பூவின் பிடியரிசி

ஜூன் 11, 2024

பாப்பா அழுதுகொண்டே இருந்தாள். நானும் கூட உட்கார்ந்து அழுதேன். ஏன்? தெரியவில்லை. பிள்ளைக்கு மூன்று மாதம். பால் கொடுக்கிறேன், குளிப்பாட்டுகிறேன், ஆனால் தூக்கமே இல்லை. அம்மா இல்லாத வீடு. பேறுகாலம் பார்க்க வந்த ஜெபகுமாரி அத்தை வாசலில் நின்று சொன்னாள்: "ஏட்டி ஜெமி, ஞானப்பூ மாதிரி ஆயிராத."

யார் ஞானப்பூ என்று கேட்பதற்குள் அடுக்களைக்குப் போய்விட்டாள்.

ஜூன் 13

அப்பாவை விடாமல் கேட்டேன். ஞானப்பூ அப்பாவுக்குப் பூட்டி, அவருடைய தாத்தாவைப் பெற்றவள். "புள்ள பெத்த கையோட புத்தி கலங்கிட்டாம் மக்கா. அம்புட்டுதான் கேள்வி."

பிறகு? தெளிந்தாளா? அவருக்குத் தெரியாது.

எம்.எஸ்சி. படித்தவள் நான். பிரசவத்துக்குப் பின் வரும் இந்தக் கலக்கம் என்ன என்று போனில் தேடிப் படித்துவிட்டேன். போதவில்லை. அவளுக்கு என்ன ஆயிற்று? அது தெரியாமல் விடமாட்டேன்.

ஜூன் 19

பாப்பாவைத் தோளில் போட்டுக்கொண்டு மயிலாடி பஸ் ஏறினேன், எங்கள் பழைய சபைக்கு. செயலர் சத்தியநேசன் அண்ணன் பீரோவைத் திறந்தார். ஞானஸ்நானப் பதிவில் இருக்கிறாள்: 1906, ஆண் குழந்தை, தாய் ஞானப்பூ. அடக்கப் பதிவேட்டைக் கறையான் தின்றுவிட்டது.

"தும்மிராத ஜெமி, மிச்சமுள்ளதும் பறந்துரும்."

சிரித்துவிட்டேன். எத்தனை நாளாயிற்று!

இனி பிடியரிசி நோட்டுகள்தான், பெண்கள் சபைக்குக் கொடுத்த அரிசியின் கணக்கு. "அதுல என்ன இருக்கும்? அரிசிதான் இருக்கும்" என்றார். இருக்கட்டும். மறுபடி வருவேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஜூன் 20

துபாயிலிருந்து என் கணவன் ஷிஜின் போனில்: "செத்தவளத் தேடுறத விட்டுட்டு நீ தூங்கு." தூக்கம் வந்தால் தேடுவேனா?

ஜூன் 26

மறுபடி மயிலாடி. கிடைத்துவிட்டாள்.

பிடியரிசி நோட்டில் எந்த ஞாயிறு எந்தப் பெண் அரிசி கொடுத்தாள் என்று பெயர் பெயராக எழுதியிருக்கிறார்கள். பிள்ளை பிறந்த பிறகு ஞானப்பூவுக்கு நேரே வெற்றிடம். வாரக்கணக்கில். செத்துவிட்டாளோ என்று அடுத்த பக்கத்தைப் புரட்டினேன். அப்புறம் மறுபடி ஞானப்பூ — பக்கத்தில் சின்ன எழுத்தில், 'கொண்டுவந்தது அன்னமுத்து'. அடுத்த ஞாயிறு, 'கொண்டுவந்தது வேதமணி'. பிறகு இன்னொருத்தி.

சும்மா வாங்கி வந்தார்களா? இல்லை. பிடியரிசி எடுக்க எனக்குத் தெரியாதா? அந்த வீட்டு உலைக்கு அளந்த அரிசியில், போடும் முன் ஒரு பிடி எடுத்துச் சபைக்கு வைப்பது. அப்படியென்றால் — ஆள் மாற்றி ஆள் போய், அவள் அடுப்பில் சோறு பொங்கியிருக்கிறார்கள்.

அறுப்பின் பண்டிகையன்று வெறும் 'ஞானப்பூ'. பக்கத்தில் யார் பெயரும் இல்லை. அவளே வந்திருக்கிறாள்! பிறகு வருஷக்கணக்காக, கடைசி நோட்டு வரைக்கும்.

கலங்கினத மட்டும் எல்லாரும் சொன்னாங்களே. தெளிஞ்சத ஏன் ஒருத்தரும் சொல்லல?

ஜூன் 27

அத்தையிடம் சொல்லிவிட்டேன்: "எனக்கு முடியல அத்தே. டாக்டர்ட்ட கூட்டிட்டுப் போ."

ஏச்சுக்குக் காத்திருந்தேன். "இத முன்னமே வாயத் தொறந்து சொல்லப்பிடாதா, ஏட்டி?" என்றபடி சேலை மாற்றப் போனாள்.

ஜூலை 14

ஞாயிறு. மாத்திரை ஒத்துக்கொள்கிறது. அழுகை குறைந்திருக்கிறது, நின்றுவிடவில்லை.

சபைக்குக் கிளம்பும்போது அத்தை அரிசி டப்பாவைத் தூக்கிக்கொண்டு கேட்டாள்: "யாரு பேருல குடுக்கணும்?"

"எனக்க பேருல."

அத்தை பாப்பாவையும் இடுப்பில் எடுத்துக்கொண்டாள். நான் அவர்கள் திரும்பி வரும்வரை தூங்கினேன்.