புதன்கிழமை பத்தரை மணி நிகழ்ச்சி

மதினி,

போன ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு டிவியைப் போட்டுவிட்டு உட்கார்ந்தேன். பூச்செடி நிகழ்ச்சி வரவில்லை. ஏதோ பாட்டுப் போட்டி ஓடிக்கொண்டிருந்தது. கீழே எழுத்து ஓடியது: நேயர்களின் வசதிக்காக நிகழ்ச்சி இனிப் புதன்கிழமை காலை பத்தரை மணிக்கு ஒளிபரப்பாகுமாம். எந்த நேயர், என்ன வசதி என்று அவர்களை நன்றாகத் திட்டினேன். திட்டி முடிப்பதற்குள் வயிற்றில் அந்தப் பழைய எரிச்சல் வந்துவிட்டது. பத்தரையா, அப்படியென்றால் மதினி பார்த்துவிடுவார், நான்தான் மலையில் நிற்பேன் என்று நினைத்தேன்.

நீங்கள் போய் ஏழு மாதம் ஆகிறது. நான் தேயிலைக் கொழுந்து எடுப்பதை நிறுத்தி இரண்டு வருடம். இப்போது புதன்கிழமை பத்தரைக்கு வீட்டில் சும்மா இருப்பவள் நான்தான். இருந்தும் உங்கள் மேல் எரிச்சல் வந்தது. அது அடங்கின பிறகு இதை எழுத உட்கார்ந்தேன், உங்களிடம் சொல்லாத ஒன்று இருக்கிறது.

அண்ணனைக் கட்டிக்கொண்டு கந்தப்பளையிலிருந்து நீங்கள் இந்த லயத்துக்கு வந்தபோது ஒரு சாக்கில் பாத்திரமும் இன்னொரு சாக்கில் டேலியாக் கிழங்கும் கொண்டுவந்தீர்கள். உருளைக்கிழங்கு என்று நினைத்து அம்மா இரண்டை எடுத்துக் கழுவிவிட்டார். நீங்கள் ஓடிவந்து பிடுங்கினீர்கள். லயத்து வீட்டு வரிசையில் எங்கள் வீடும் உங்கள் வீடும் ஒரே சுவர். என் வாசலும் உங்கள் வாசலும் ஒரே அளவு, ஒரே மண், ஒரே மழை. அந்த முதல் வருடமே உங்கள் வாசலில் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்குச் சிவப்பு டேலியா பூத்தது. என் வாசலில் செவ்வந்தி நாலு பூத்துவிட்டுத் தலையைத் தொங்கப்போட்டது. வருகிறவர்கள் எல்லாம் உங்கள் வாசலில் நின்று பேசுவார்கள். நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருப்பேன்.

பிறகு உங்களுக்குப் பிள்ளைக்காம்பராவில் ஆயா வேலை கிடைத்தது. தாய்மார் மலைக்குப் போகும்போது கைப்பிள்ளைகளை விட்டுவிட்டுப் போகும் இடம். அங்கே யாரோ ஒரு டிவி வாங்கிக் கொடுத்தார்கள். அந்த டிவியில் புதன்கிழமை தோறும் காலை பத்தரைக்குக் கொழும்பிலிருந்து பூச்செடி நிகழ்ச்சி வர ஆரம்பித்தது. சுருட்டை முடி வைத்த ஒரு அம்மா, கையில் உறை போட்டுக்கொண்டு மண்ணைக் கிளறுவார். விளம்பரத்தில் மட்டும் அவரைப் பார்த்திருக்கிறேன். நிகழ்ச்சி நடக்கும் நேரம் நான் முதுகில் கூடையோடு மேல்மலையில் இருப்பேன்.

லயத்துப் பொம்பளைகள் எல்லோருக்கும் இந்த நேரத்தின் மேல் கோபம் இருந்தது, உங்களுக்கும் நினைவிருக்கும். "பத்தரைக்கு எவ வீட்ல இருக்கா? தொர வீட்டு அம்மாதான் இருப்பாங்க. அவங்களுக்குத் தோட்டக்காரன் இருக்கான்" என்று மேட்டு லயத்து ராக்கம்மா சொல்வாள். நடுவில் ஒரு மாதம் விடியக்காலை ஐந்தரைக்கு மாற்றினார்கள். அந்த நேரத்தில் பைப்பில் தண்ணீர் பிடித்து, ரொட்டி தட்டி, ஆறரைக்கு வேலைக்குப் பெயர் கொடுக்கப் பெரட்டுக்கு ஓட வேண்டும். ரொட்டி கருகியதுதான் மிச்சம். மறுபடி பத்தரைக்கே போனது. அதிலும் கிரிக்கெட் வந்தால் இல்லை, பாராளுமன்றம் கூடினால் இல்லை.

ஒரு புதன்கிழமை நான் காய்ச்சல் என்று பொய் சொல்லி வேலைக்குப் போகாமல் இருந்துவிட்டேன். உங்களுக்குத் தெரியாமல் பார்த்துவிட வேண்டும் என்று கதவைச் சாத்திக்கொண்டு டிவி முன்னால் உட்கார்ந்தேன். பத்தரைக்குப் பாராளுமன்றம் ஆரம்பித்தது. வெள்ளைச் சட்டைக்காரர்கள் பகல் வரைக்கும் கத்தினார்கள். சாப்பாட்டு நேரத்தில் நீங்கள் கொத்தமல்லி அவித்து எடுத்துக்கொண்டு வந்தீர்கள். என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தீர்கள், பிறகு டிவியைப் பார்த்தீர்கள்.

"ஏன் பாக்கியம், பாராளுமன்றத்துல இன்னைக்கு என்ன பூ பூத்துச்சு?"

நான் கொத்தமல்லித் தண்ணியைக் குடித்தேன்.

அதனால் நிகழ்ச்சி எனக்கு உங்கள் வாய் வழியாகத்தான் வந்தது. பகல் கொழுந்தைத் தராசில் நிறுத்துவிட்டு, கால் சேறோடு பிள்ளைக்காம்பரா வாசலில் வந்து நிற்பேன். "மதினி, இன்னைக்கு அந்தம்மா என்ன சொன்னாங்க?" ஒரு பிள்ளை இடுப்பில், ஒரு பிள்ளை சேலையைப் பிடித்து இழுக்க, நீங்கள் கண்ணை மேலே உருட்டி யோசித்துச் சொல்வீர்கள். "டேலியாவுக்கு மூணு சோடி இலை விட்டதும் நுனியக் கிள்ளிரணுமாம்." இன்னொரு வாரம், "ஆனி மழைக்கு முந்தி கிழங்கத் தோண்டி, சாம்பல்ல பொரட்டி, அடுப்புக்கு மேல பரண்ல கட்டி வைக்கணுமாம். ஆவணி கழிய நட்டா போதுமாம்." இன்னொரு வாரம், தண்ணீர் காலையில் மட்டும்தானாம்.

இப்போது சொல்கிறேன் மதினி. நீங்கள் சொன்னதை நான் நம்பவில்லை. நல்லதையெல்லாம் உங்கள் வாசலுக்கு வைத்துக்கொண்டு எனக்குத் தலைகீழாகச் சொல்கிறீர்கள் என்று நினைத்தேன். நுனியைக் கிள்ளச் சொன்னீர்களே, அதைக் கேட்டு அன்று முழுக்க எனக்குக் கோபம். விடிந்தால் பொழுதுபட்டால் மலையில் கிள்ளுவதுதான் என் பிழைப்பு. வீட்டுக்கு வந்து பூச்செடியையும் கிள்ளினால் பூ எங்கிருந்து வரும், என்னை மொட்டையடிக்கப் பார்க்கிறார் என்று, உங்களிடம் வாங்கி நட்ட டேலியாவைத் தொடாமல் விட்டேன். அது ஒட்டடைக்கம்பு உயரத்துக்கு ஒற்றையாக வளர்ந்து, உச்சியில் ஒரு பூ வைத்து, காற்றில் ஒடிந்தது. கிழங்கைத் தோண்டவில்லை. ஆடி மழையில் மண்ணுக்குள்ளேயே அழுகி நாறியது. காலையில் ஊற்றச் சொன்னதால் சாயந்தரம் ஊற்றினேன். இலையெல்லாம் பூஞ்சணம். ஒவ்வொன்றும் கெட்டபோது அதற்கும் உங்களைத்தான் திட்டினேன். பார்த்தாயா, எதைச் சொல்லாமல் மறைத்தாளோ என்று. மனதுக்குள் உங்களுக்கு 'ங்க' போடுவதை எப்போதோ நிறுத்தியிருந்தேன்.

தோட்டத்தில் தை மாதம் தோறும் வாசல்தோட்டப் போட்டி வைப்பார்களே. தோட்டத்து நலன் பார்க்கும் வெல்பெயார் ஐயா கையில் அட்டையோடு ஒவ்வொரு வாசலாக வருவார். மூன்று வருடம் தொடர்ந்து உங்களுக்கே பரிசு. பூவாளி, மண்வெட்டி, பிறகு சுவர்க் கடிகாரம். அந்தக் கடிகாரத்தை நீங்கள் எங்கள் பொதுச் சுவரில்தான் ஆணியடித்து மாட்டினீர்கள். ஆணி அடிக்கும் சத்தம் என் தலைமாட்டில் கேட்டது. உங்களுக்கு டிவி இருக்கிறது, நேரம் இருக்கிறது, அதனால் பரிசு வருகிறது, எனக்கு அந்த நிகழ்ச்சி கிடைத்திருந்தால் நீங்கள் என் பக்கத்தில் நிற்க முடியுமா என்று ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்தேன்.

அந்த வேகத்தில்தான் டிவிக்குக் கடிதம் எழுதினேன். பத்தாம் வகுப்பு வரைக்கும் படித்தது அன்றைக்குத்தான் உதவியது. நாங்கள் வேலை செய்யும் நேரத்தில் எங்களுக்குப் பிடித்ததைக் காட்டுவது நியாயமா என்று இரண்டு பக்கம். லயம் லயமாகப் போய்க் கையெழுத்து வாங்கினேன். உங்களிடம் கேட்கக் கூடாது என்றிருந்தேன். நீங்களே வந்து தாளை வாங்கி, மேலே இடம் தேடி, முதல் பெயராகப் போட்டீர்கள். "நல்லா எழுதியிருக்க புள்ள. எனக்கும் ரொம்ப நாளா ஆசைதான்" என்றீர்கள். வாரா வாரம் பார்க்கிறவளுக்கு என்ன ஆசை, நல்ல பெயர் வாங்க நடிக்கிறாள் என்று நினைத்தேன்.

எங்கள் கடிதத்தாலா, வேறு எதனாலா தெரியாது. மூன்று மாதத்தில் நிகழ்ச்சி ஞாயிறு நாலு மணிக்கு மாறியது. முதல் ஞாயிறு எங்கள் டிவியில் படம் தெளியாததால் உங்கள் வீட்டுக்கு வந்தேன், நினைவிருக்கிறதா? நான் கொப்பியும் பேனாவும் கொண்டுவந்திருந்தேன். சுருட்டை முடி அம்மா மாடிவீட்டுப் பால்கனியில் நின்று கள்ளிச்செடி பற்றிப் பேசினார். வெயில் அதிகம் பட்டால் என்ன செய்வது என்றார். வெளியே எங்கள் முற்றம் தெரியாமல் பனி மூடியிருந்தது. அடுத்த வாரம் ஓர்க்கிட். அதற்கடுத்த வாரம் போத்தலில் வளர்க்கும் கொடி. நாலாவது வாரம் நான் கொப்பியை மூடினேன்.

"மதினி, அந்தம்மா டேலியாவப் பத்தி எப்பச் சொன்னாங்க?"

நீங்கள் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தீர்கள். தலை நிமிரவில்லை. "சொல்லவே இல்ல."

"அப்ப நுனியக் கிள்ளச் சொன்னது? சாம்பல்ல பொரட்டச் சொன்னது?"

"அது நான் கந்தப்பளைல செஞ்சது. பத்தரைக்குப் புள்ளைங்களுக்குப் பால் கரைச்சுக் குடுக்கிற நேரம். பன்னெண்டு புள்ள. டிவி அது பாட்டுக்கு ஓடும். நான் எங்க பாத்தேன்? ஒரு நாளும் முழுசா பாத்ததில்ல."

"பொறகு ஏன் டிவில சொன்னாங்கன்னு சொன்னீங்க?"

அப்போதுதான் நிமிர்ந்தீர்கள். "நான் சொன்னேன்னு சொன்னா நீ செய்வியா?"

நான் எழுந்து வந்துவிட்டேன். பதினைந்து நாள் உங்களோடு பேசவில்லை. நிகழ்ச்சி என் கைக்கு வந்த அந்த வருடமும் பரிசு உங்களுக்குத்தான் போனது. நான் கோபித்துக்கொண்டிருக்கிறேன் என்று நினைத்து நீங்கள் கருவாட்டுக் குழம்பு கொடுத்தனுப்பினீர்கள். எனக்கு இருந்தது வெட்கம் மதினி. சொன்னபடி செய்தும் பூக்கவில்லை என்று நீங்கள் பாவப்பட்டிருப்பீர்கள். சொன்னதற்கெல்லாம் எதிராகச் செய்தேன் என்று உங்களிடம் ஒருநாளும் சொல்லவில்லை. ஆஸ்பத்திரியில் உங்கள் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்த அன்றைக்கும் வாய் வரை வந்தது. "என்ன புள்ள, ஏதோ சொல்ல வர்ற" என்றீர்கள். போர்வை போதுமா என்று கேட்டேன்.

காரியம் முடிந்த மறுவாரம் அண்ணன் ஒரு சாக்கைக் கொண்டுவந்து என் வாசலில் போட்டார். "அடுப்புக்கு மேல இருந்துச்சு. எனக்கு எது கெழங்கு, எது வெறகுன்னு தெரியல. நீயே வச்சுக்க" என்றார். படுக்கையில் விழுவதற்கு முன்னால் நீங்கள் தோண்டி, சாம்பலில் புரட்டிக் கட்டி வைத்தது. ஆவணி கழிய நட்டேன். மூன்று சோடி இலை விட்டதும் கிள்ளினேன். காலையில் மட்டும் தண்ணீர் ஊற்றினேன். நீங்கள் சொன்னதில் ஒன்றைக்கூட மாற்றவில்லை. தை பிறந்தபோது என் வாசல் சிவப்பாக இருந்தது.

வெல்பெயார் ஐயா வந்தார். "பாக்கியம் அக்கா, இந்த வருசம் ஒங்களுக்குத்தான்" என்று ஒரு பிளாஸ்க்கைக் கையில் கொடுத்தார். எல்லோரும் கை தட்டினார்கள். எத்தனை வருடம் காத்திருந்த சத்தம் அது. பிறகு அவர் குனிந்து ஒரு பூவைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "அப்படியே அவங்க வாசலப் பாக்கிற மாதிரி இருக்கு" என்றார். ராக்கம்மா ஆமாம் ஆமாம் என்றாள். அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. என் வாசலில் நின்று, என் கையில் பரிசைக் கொடுத்துவிட்டு, அப்போதும் உங்களைத்தான் பார்க்கிறார்கள். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு நம் சுவரைப் பார்த்து, "இப்பச் சந்தோசமா?" என்று சத்தமாகவே கேட்டேன். நீங்கள் இருந்திருந்தால் அந்தப் பக்கமிருந்து ஏதாவது கிண்டல் வந்திருக்கும். ஒன்றும் வரவில்லை. அதற்குப் பிறகுதான் அழுதேன்.

எல்லோரும் உங்களை மறக்க முடியவில்லை என்கிறார்கள், போய்ச் சேர்ந்துவிட்டீர்கள் என்றும் அவர்களே சொல்கிறார்கள். எனக்கு உங்கள் மேல் இன்னும் பொறாமைதான் மதினி, கொஞ்சமும் குறையவில்லை. அதை விட்டுவிட எனக்கு மனமும் இல்லை. நீங்கள் பக்கத்து வீட்டில்தான் இருக்கிறீர்கள் என்று இன்னும் நம்பிக்கொண்டிருப்பது அந்தப் பொறாமை ஒன்றுதான்.

பாக்கியம்